கர்ணனிலிருந்து பொன்னுருவிக்கு: ஒரு மாணவி தன் கதையைத் தேர்ந்த விதம்

பின்னணி

வட தமிழகத்தில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் வகுப்புக்கு இதிகாசங்களைக் கதையாகச் சொல்லும் தாள் ஒன்றை நடத்துகிறேன். மதிப்பெண்ணில் பாதி ஒரு திட்டப்பணிக்கு உரியது. இராமாயணம், மகாபாரதம் இரண்டில் எதிலிருந்தும் எடுக்கலாம். எந்த மொழி மரபாக இருந்தாலும் சரி. மாணவர் ஒரு கதையைத் தேர்ந்து, அதன் மூலத்தைப் படித்து, வகுப்பின் முன் நின்று 15 நிமிடம் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். கூடவே, இந்தக் கதையை ஏன் எடுத்தேன், எங்கே மாற்றினேன் என்று எட்டுப் பக்கக் குறிப்பு தர வேண்டும். கடைசி நாளில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார்.

பருவம் ஜூலையில் தொடங்கியது. முதல் ஆறு வாரம் பொதுவான வாசிப்பு. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் தலைப்புப் படிவம் கொடுத்தேன். அதில் மூன்று கேள்விகள்: எந்த இதிகாசம், எந்தப் பாத்திரம், எந்த மூல நூல்.

34 படிவங்கள் வந்தன. ஒன்பதில் கர்ணன், ஆறில் திரௌபதி. மீதியில் சீதை, இராவணன், அபிமன்யு, கும்பகருணன். அந்த ஒன்பது கர்ணன்களில் ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. அவர் நவம்பரில் சொல்லி முடித்த கதையில் கர்ணன் முக்கால்வாசி நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அதுவரை நடந்ததை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். நான் எடுத்த முடிவுகளில் ஒன்று தவறு, ஒன்று தாமதம். அடுத்து இப்படி ஒரு தாளை நடத்துபவருக்கு அவை பயன்படும். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மாணவி இதைப் படித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

முதல் சந்திப்பில் கவனித்தது

படிவத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மகாபாரதம், கர்ணன், ‘மகாபாரதம் (தமிழ்)’. துறை அறையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

“கர்ணன்ல எதும்மா சொல்லப் போற?”

“எல்லாமே மேம். பொறந்ததுலேர்ந்து.”

வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மாணவர்கள் நமக்குப் பிடித்த ஒன்றை ஊகித்து எழுதித் தருவார்கள். அதை முன்பு பார்த்திருக்கிறேன். சரி, இப்போதே சொல்லிக் காட்டு என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

ஆற்றில் விட்ட பேழையில் தொடங்கினார். அதிரதன் கண்டெடுத்தது, பரசுராமரிடம் போனது, தொடையை வண்டு துளைத்தது, சாபம், அரங்கேற்றத்தில் அவமானம், அங்க நாட்டு முடி. எல்லாம் சரியான வரிசையில் வந்தன. இந்திரன் கவச குண்டலம் கேட்டு வரும்போது 15 நிமிடம் முடிந்துவிட்டது. போர் இன்னும் தொடங்கவே இல்லை. எந்த இடத்திலும் நிற்க நேரமில்லாததால், பாடப்புத்தகத்தின் சுருக்கத்தை வாயால் சொன்னது போல இருந்தது.

அவரும் அதை உணர்ந்தார். இதில் குற்றம் அவருடையது இல்லை. வியாசர் பாரதம் 18 பருவம்; லட்சம் சுலோகம் என்பது மரபு. புனேயில் 1919-ல் தொடங்கி 1966-ல் முடித்த ஆய்வுப் பதிப்பில், பிற்சேர்க்கை என்று தோன்றியதையெல்லாம் விலக்கிய பிறகும் எழுபதாயிரத்துக்கு மேல் நிற்கிறது. அதில் கர்ணன் பிறப்பிலிருந்து பதினேழாம் நாள் போர் வரை ஓடுகிற பாத்திரம். அவன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே அர்த்தம்.

ஆனால் அந்த 15 நிமிடத்துக்குள் ஓர் இடம் வேறுமாதிரி இருந்தது. துரியோதனன் மனைவியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடுகிற காட்சி. கணவன் வருவதைக் கண்டு அவள் எழ, ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று எண்ணிக் கர்ணன் கை நீட்ட, முத்துகள் அறுந்து சிதறுகின்றன. துரியோதனன் கேட்கிறான்: எடுக்கவோ, கோர்க்கவோ? இதைச் சொல்லும்போது மாணவியின் குரல் தாழ்ந்தது. வலது கை மேசைமேல் இறங்கி, இல்லாத முத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. நான்கைந்து முத்து எடுத்திருப்பார். அப்புறம் கவச குண்டலத்துக்குப் போய்விட்டார்.

குறிப்பேட்டில் அன்று நான் எழுதியது: ‘கை மேசைக்கு வந்த இடம். அதை விடக் கூடாது.’ அவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. சிறிதாக ஒன்று யோசித்து வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது தலைப்பு: அரவான்

நான்கு நாள் கழித்து வந்து, “அரவான் எடுத்துக்கிறேன் மேம்” என்றார். கூவாகம் திருவிழாக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். சித்திரை முழுநிலவை ஒட்டி, கூத்தாண்டவர் என்ற பெயரில் வணங்கப்படும் அரவானை மணந்து தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள், மறுநாள் தாலியை அறுத்து வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். அந்த அழுகை அவரைப் பிடித்துக்கொண்டது.

அரவான் நல்ல தேர்வுதான். வியாசரில் இராவான் என்னும் அவன், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழ் மரபில், 32 இலட்சணமும் பொருந்திய அவன் போருக்கு முன்பே களப்பலியாகத் தன்னைத் தருகிறான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரதத்திலேயே இந்தப் பலி இருக்கிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு சாவு. ஒப்பிட்டுச் சொல்ல இதைவிட நல்ல பொருள் வேண்டுமா?

ஆனாலும் அவர் சொல்ல விரும்பியது களப்பலியை இல்லை, கூவாகத்து அழுகையை. அது இன்றைக்கும் சில ஆயிரம் பேர் தங்கள் உடலோடும் வாழ்க்கையோடும் சேர்த்துச் செய்கிற சடங்கு. அதைத் தன் குரலில் சொல்ல வேண்டுமென்றால் அவர்களில் யாரையாவது சந்தித்து உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். சித்திரை போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. கையில் இருப்பது கைப்பேசிக் காட்சிகள் மட்டும். இரண்டு வழிகளை அவர் முன் வைத்தேன்: போர்க்களத்து அரவானை மட்டும் எடுத்துக்கொள், கூவாகம் வேண்டாம், அல்லது வேறு கதை.

அவர் ஒரு நாள் யோசித்து, வேறு கதை என்றார். அழுகை இல்லாத அரவானில் தனக்கு ஈர்ப்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த முடிவில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. இன்னொருவர் துக்கத்தைத் தொலைவிலிருந்து பார்த்து நடித்துக் காட்டுவது இரண்டாமாண்டு மாணவிக்கு மட்டுமில்லை, யாருக்குமே ஆகாது.

மூலத்தைப் படித்த நாள்

அப்போதுதான் முதல் நாள் குறிப்பை எடுத்தேன். அந்த முத்துக் காட்சி எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டேன். சினிமா என்றார். 1964-ல் வந்த கர்ணன் படத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சியில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. வியாசரில் இந்தக் காட்சி இல்லை என்றதும் அவர் முகம் வாடியது. பொய்க் கதையைச் சொல்லிவிட்டோமோ என்ற அச்சம் அது. இந்த அச்சத்தைப் பல மாணவர்களிடம் பார்க்கிறேன். ‘மூலத்தில் இல்லை’ என்று யாராவது சொன்னவுடன் கதையையே கீழே போட்டுவிடுகிறார்கள்.

நூலகத்திலிருந்து வில்லிபுத்தூரார் பாரதத்தை எடுத்து வந்தோம். உத்தியோக பருவம், கிருட்டிணன் தூதுச் சருக்கம். குந்தி கர்ணனைத் தேடி வந்து, நீ என் மகன், தம்பிகளோடு சேர்ந்துவிடு என்று கேட்கிற இடம். அதில் கர்ணன் சொல்லும் மறுமொழிப் பாட்டு, ‘மடந்தை பொன் திரு மேகலை மணி உகவே’ என்று தொடங்குகிறது.

அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை நிறுத்தி, “முத்து இல்ல மேம்” என்றார். ஆமாம். சிதறுவது கழுத்து முத்துமாலை இல்லை, இடையில் அணியும் மேகலையின் மணி. இன்னும் பார் என்றேன். அந்த நான்கடியில் சொக்கட்டான் இல்லை. அவள் எழுந்ததும் இல்லை, அவன் கை நீட்டியதும் இல்லை. மணி உதிர்ந்தது, நான் அயர்ந்து இருந்தேன், ‘எடுக்கவோ கோக்கவோ’ என்றான், அவ்வளவே. மீதியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தது. அவளுக்கு அங்கே பெயரும் கிடையாது. மடந்தை, ஒரு பெண். பானுமதி என்று நாம்தான் சொல்கிறோம்.

அடுத்து அவராகவே ஒன்று கண்டார்: இதை வில்லி நேரில் நடக்கிற காட்சியாகக் காட்டவில்லை. கர்ணன் தன்னைப் பெற்றவளிடம் சொல்லும் நினைவு இது. போரில் இறங்கிச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதே எனக்கு இனிப் புகழும் கருமமும் தருமமும் என்று பாட்டு முடிகிறது. ‘ஏன் வரமாட்டேன்’ என்பதற்கு அவன் தரும் காரணம்தான் அந்த மணிகள்.

வியாசரில் இதே கேள்விக்கு என்ன காரணம் வருகிறது என்று தேடச் சொன்னேன். இரண்டு நாளில் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து வந்தார். கண்ணன் அழைக்கும்போது கர்ணன் ராதையைச் சொல்கிறான். என்னை எடுத்துப் போனதும் அன்பினால் அவள் மார்பில் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை அவள் அள்ளினாள், அவளுக்குச் செய்யும் பிண்டத்தை நான் எப்படி நிறுத்துவேன் என்கிறான். துரியோதனனிடம் பட்ட கடனையும் சொல்கிறான்தான், ஆனால் முதலில் வருவது வளர்த்தவளின் பால்.

நோட்டின் இடப் பக்கத்தில் பால், வலப் பக்கத்தில் மணி என்று தலைப்பிட்டு எழுதியிருந்தார். ஒரே கேள்வி, இரண்டு மரபு, இரண்டு காரணம். அன்று தலைப்பு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ‘கர்ணன் ஏன் போகவில்லை?’ என்று படிவத்தைத் திருத்தி நானே கையெழுத்திட்டேன். செப்டம்பர் இரண்டாம் வாரம்.

ஆயா கேட்ட கேள்வி

அடுத்த வாரம் ஒத்திகை பார்த்தோம். சரியாக இருந்தது. ஆனால் மேசைமேல் அவர் கை வரவில்லை. மூலத்தைத் தெரிந்துகொண்டதால் கவனமாகச் சொல்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கு நான் இன்னும் நேரம் கொடுத்துப் பேசியிருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றார்.

“மேம், எங்க ஆயாகிட்ட சொல்லிக் காட்டினேன். ‘பொன்னுருவி எப்ப வருவா?’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவ இதுல இல்லன்னேன். ‘அப்ப என்ன கர்ணன் கதை அது’ன்னு பாக்கு இடிக்கப் போயிட்டாங்க.”

அவர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. கர்ண மோட்சம் கூத்தை ஆயா (பாட்டி) எத்தனை முறை பார்த்திருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. அந்தக் கூத்தில் பாதி இரவு பொன்னுருவி. கர்ணனின் மனைவி, அரசகுமாரி. தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்குத் தன்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்ற கசப்பு அவளுக்கு. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் விடைபெற வருகிற கணவனை, பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுகிறாள். அவன் கடைசியில், தான் குந்தி மகன் என்ற உண்மையைச் சொல்கிறான். அவள் நிலைகுலைந்து மன்னிப்புக் கேட்கிறாள். அவன் போய்விடுகிறான்.

இதையெல்லாம் அவர் அந்த வாசலிலேயே, பையைத் தோளில் மாட்டியபடி சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, “ஒண்ணு கேக்கலாமா மேம்? அவர் ராஜா வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சப்புறம்தான அழுவுறா. தேரோட்டி புள்ளையாவே இருந்திருந்தா?” என்றார்.

ஐந்து வாரமாக நாங்கள் தேடியது இதுதான் என்று எனக்கு உடனே தெரிந்தது. ‘பால், மணி’ ஒப்பீடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது என் கேள்வி. இது அவருடையது. கர்ணன் பிறப்பின் உண்மை இரண்டு பெண்கள் நடுவே போகிறது: தாய் அவனிடம் சொல்கிறாள், அவன் மனைவியிடம் சொல்கிறான். இரண்டு முறையும் அது பிந்தி வருகிறது. இரண்டாம் முறை கேட்பவளின் கண்ணீரில், அவள் எதற்காக அழுகிறாள் என்ற சிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சபையில் எழுந்து கேட்டதில்லை என்றார் மாணவி. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கேட்க வேண்டும் போல இருந்திருக்கிறது.

முடிவு எடுக்கத் தாமதித்தது ஏன்

அன்றே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

காரணம் மூன்றாவது கேள்வி: மூல நூல். எங்கள் தாளின் விதிப்படி மாணவர் ஒரு மூலத்தைப் படித்திருக்க வேண்டும். கர்ண மோட்சம் அச்சிலும் வந்திருக்கிறது. ஆனால் ஆயா சொன்னது அந்த அச்சுப் பிரதி இல்லை, பல ஆண்டு இரவுகளின் நினைவு. வெளித் தேர்வாளர் இதை ஏற்பாரா என்று தயங்கினேன். ஏற்கெனவே கையெழுத்திட்ட தலைப்பை மாற்றினால் மற்ற 33 பேரும் மாற்றக் கேட்பார்களோ என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது தயக்கம் தேவையில்லாதது. பிறகு இருவர்தான் கேட்டார்கள். இருவருக்கும் நல்ல காரணம் இருந்தது.

கடைசியில் இப்படி முடிவு செய்தேன். வாய்மொழியை மூலமாக ஏற்கலாம், ஆனால் நூலைப் படிப்பது போலவே அதையும் படிக்க வேண்டும். ஆயாவிடம் ஒரு முறை, கூத்து வாத்தியார் ஒருவரிடம் ஒரு முறை, முடிந்தால் மூன்றாவதாக வேறு ஊரார் ஒருவரிடம் கேட்க வேண்டும். யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் கேட்டது என்று எழுத வேண்டும். ஒலிப்பதிவு செய்தால் சம்மதம் கேட்டபின்தான். மூவரும் ஒத்துப்போகிற இடம், மாறுபடுகிற இடம் இரண்டையும் குறிக்க வேண்டும். வில்லி பாட்டையும் வியாசர் பகுதியையும் கைவிடாமல் குறிப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் உழைப்பு வீண் போகக் கூடாது என்பது ஒன்று. கூத்து எதைச் சேர்த்தது என்று பார்க்க அவை கூடவே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. வாத்தியாரிடம் அவர் போனது புரட்டாசியில். அந்தப் பக்கத்துத் திருவிழாக்கள் முடிந்து, ஜமா (கூத்துக் குழு) கலைந்து, ஆட்கள் அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, மத்தளமோ முகவீணையோ இல்லாமல், தொடையில் தாளம் தட்டிப் பொன்னுருவி வரும் பாட்டைப் பாடிக் காட்டியிருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வேஷம் வெளியே வருகிற அந்த வரவை மாணவி இந்தப் பருவத்தில் பார்க்க முடியவில்லை.

“ஆடி மாசம் எங்க ஊர்லயே இந்தக் கூத்து நடந்துச்சு மேம்” என்றார் பிறகு. “நான் ரெண்டு மணிக்கு மேல தூங்கிட்டேன். இதுதான் என் பிராஜெக்ட்டுன்னு தெரிஞ்சிருந்தா முழிச்சிருந்திருப்பேன்.”

கதையைக் கட்டிய விதம்

அக்டோபர் முழுக்க இதற்குப் போனது. இரண்டு முடிவுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, யார் சொல்வது. பொன்னுருவியே ‘நான்’ என்று சொன்னால் அவள் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுகிறாள். இரண்டு ஒத்திகையில் அதைப் பார்த்தோம். கர்ணன் சொன்னால் மீண்டும் அவன் கதையாகிவிடுகிறது. மாணவி கட்டியங்காரனை எடுத்தார். கூத்தில் எல்லோரிடமும் பேசவும், நடுவில் நுழைந்து கேள்வி கேட்கவும், சபையைப் பார்த்துத் திரும்பவும் உரிமை உள்ளவன் அவன்தான். கதைசொல்லிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நான் இதை யோசிக்கவே இல்லை. கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது தானாக வந்தது.

இரண்டாவது, அந்தக் கேள்விக்குக் கதைக்குள் பதில் சொல்வதா. முதல் வரைவில், பொன்னுருவி சாதிப் பெருமையால்தான் அழுதாள் என்று கட்டியங்காரன் சபைக்குச் சொல்லிவிடுவான். வேண்டாம் என்றேன். வாத்தியார் பாடியதில் அவள் எப்படி அழுகிறாள் என்று கேட்டேன். நோட்டைப் புரட்டினார். வாத்தியார் மரபில் அவள் ‘உன் குலம் தெரியாமல் பேசினேன்’ என்று அழுகிறாள்; ஆயா நினைவிலோ ‘ஒரு நாள்கூட உனக்கு என் கையால் சோறு போடலையே’ என்று அழுகிறாள். இரண்டும் ஒன்றில்லை என்று அவரே சொன்னார். கதையில் இரண்டையும் வைத்தார். முதல் அழுகைக்கும் இரண்டாவது அழுகைக்கும் நடுவே கட்டியங்காரன் கேட்பான்: ‘தேரோட்டி மகனாவே இருந்திருந்தா?’ அவள் பதில் சொல்லாமல் நிற்பாள். பிறகு சோற்றைப் பற்றிப் பேசுவாள்.

நவம்பர் முதல் வாரம்

13 நிமிடத்தில் முடித்தார். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. வாத்தியாரிடம் கற்ற வரவுப் பாட்டை எடுத்து, இரண்டாம் அடியில் சுருதி போய், பாதியில் நிறுத்திப் பேச்சுக்கு மாறிவிட்டார். அது கேட்பவர்களுக்கும் சங்கடமாக இருந்தது. நடுப் பகுதியில் குந்தி வந்து போனதைச் சொன்னபோது வேகம் குறைந்து இழுத்தது.

ஆனால் வாசல் காட்சி தொடங்கியதும் அறை அடங்கியது. கர்ணனை அவர் எங்கும் நடிக்கவில்லை. கதவுச் சட்டத்தின் உயரத்தில் பார்வையை வைத்தார், அங்கே ஒருவன் நிற்பது தெரிந்தது. கட்டியங்காரன் கேள்வியைக் கேட்டபின் ஐந்தாறு நொடி பேசாமல் இருந்தார். பிறகு, சோறு போடாத கை என்று சொல்லும்போது, முதல் நாள் நான் பார்த்த அதே வலது கை முன்னே நீண்டு, மேசைமேல் எதையோ பரிமாறுவது போல இறங்கி, பாதியில் நின்றது.

தேர்வாளரின் முதல் கேள்வி, “இது மகாபாரதத்தில் இல்லையே?” மாணவி நோட்டைத் திறந்து, வியாசரில் இந்த இடத்தில் ராதையின் பால் இருக்கிறது, வில்லியில் மேகலை மணி இருக்கிறது, எங்கள் ஊர் பாரதத்தில் பொன்னுருவி இருக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னார். தேர்வாளர் வாய்மொழிப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரவில்லை. மூன்றாவது ஆளிடம் கேட்கவில்லை என்பதைக் குறையாக எழுதினார். அது நியாயம்தான். நேரம் போதவில்லை; அந்த நேரத்தை நான்தான் தின்றிருந்தேன். வகுப்பில் அவர் மதிப்பெண் நான்காம் இடம்.

பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “அவ முதல்லயே கேட்டிருக்கலாமே, நீ யாருன்னு?” என்றான். அதற்கு இன்னொருத்தி பதில் சொல்ல, பேச்சு மணி அடித்த பிறகும் நீண்டது. சாதி என்ற சொல்லை எங்கள் வகுப்பில் மாணவர்கள் இவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் குறுக்கிடவில்லை.

மற்ற எட்டுக் கர்ணன்களில் ஐந்து, பிறப்பிலிருந்து இறப்பு வரை ஓடிய சுருக்கம். ஒன்று மட்டும் மனத்தில் நின்றது: தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும்போது தேர்த்தட்டில் உட்கார்ந்திருந்த தேரோட்டி சல்லியன் என்ன நினைத்தான் என்பது. அந்த மாணவனுடைய அப்பா லாரி ஓட்டுநர். படிவத்தில் அதை எழுத நான் இடம் வைக்கவில்லை. அவனாகச் சொல்லித்தான் தெரியும்.

மாற்ற வேண்டியவை

படிவம்தான் முதலில். ‘எந்தப் பாத்திரம்’ என்று கேட்டதால் எல்லோரும் நாயகர் பெயரை எழுதினார்கள். ‘எந்த மூல நூல்’ என்று கேட்டதால், நூலில் இல்லாத கதை இங்கே செல்லாது என்று எண்ணிக்கொண்டார்கள். இந்த மாணவிக்குப் பொன்னுருவியை ஆறு வயதிலிருந்து தெரியும். முதல் சந்திப்பில் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, “அது கூத்துக் கதைதான மேம், காலேஜுக்கு ஆகுமான்னு தெரியல” என்றார். அந்த எண்ணத்தை அவருக்குக் கொடுத்ததில் என் படிவத்துக்குப் பங்கு உண்டு.

புதிய படிவத்தில் முதல் கேள்வி: இந்த இதிகாசத்திலிருந்து உனக்கு யார் என்ன கதை சொன்னார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டாய்? இரண்டாவது: அதில் எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது? பாத்திரமும் நூலும் மூன்றாவது வாரத்தில்தான் கேட்கப்படும். கேட்ட கதை எதுவும் இல்லை என்பவர்கள் இருப்பார்கள். படத்தில் பார்த்ததை எழுதலாம். எடுக்கவோ கோக்கவோ வரை எங்களைக் கூட்டிப் போனது படம்தான்.

வாய்மொழி மூலத்துக்கான விதியை, பருவத் தொடக்கத்திலேயே வெளித் தேர்வாளருக்கும் எழுதி அனுப்ப வேண்டும். முதல் ஒத்திகையில் கை மேசைக்கு வந்ததைக் கவனித்தவள், இரண்டாம் ஒத்திகையில் அது வராததையும் கேட்டிருக்க வேண்டும். நல்ல ஒப்பீடு கிடைத்த திருப்தியில் அதைக் கடந்துவிட்டேன்.

மாற்றாமல் வைத்துக்கொள்வது, வில்லி பாட்டை வாய்விட்டு மூன்று முறை படித்த அந்த மதியம். முத்து இல்லை, மணி என்று அவர் கண்டுபிடித்த பிறகுதான், கதை கைமாறும்போது என்ன சேர்கிறது, என்ன விடுபடுகிறது என்று பார்க்கப் பழகினார். அது இல்லாமல் ஆயாவின் அழுகையையும் வாத்தியாரின் அழுகையையும் அவர் பிரித்துக் கேட்டிருக்க மாட்டார்.

நவம்பரில் பதிவு செய்ததை ஆயாவுக்குப் போட்டுக் காட்டினாராம். முழுக்கக் கேட்டுவிட்டு, சோறு சொல்கிற இடத்தில் பேச்சு போதாது, அங்கே பாட்டு வரணும் என்று சொல்லி, அந்தப் பாட்டின் இரண்டு அடியைப் பாடியிருக்கிறார். வாத்தியார் பாடியதில் அந்த அடிகள் இல்லை. மாணவி அவற்றை எழுதிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார்.

இந்த ஆண்டு படிவத்தை ஆடி முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டேன்.